போக்குவழி ஓரத்து மனை

எண்பதுகளின் தொடக்கத்தில், தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர்களுக்காக மண்ணூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பு போட்டார்கள். அதற்கு மனைப் படம் வரைந்தவன் காந்திமதியின் அண்ணன் நரசிம்மன். பழைய வெள்ளம் போன தடத்தை ஊர் ஊராக விசாரித்து, மட்டம் பார்த்து, ஏரித் தண்ணீர் வழியும் கலங்கலிலிருந்து ஓர் அகலப் பட்டை நிலத்தை அப்படியே காலியாக விட்டான். அதற்கு ‘வெள்ளப் போக்குவழி’ என்று பெயரும் வைத்தான்.

மழை பொய்த்த காலம். ஜனங்கள் வெள்ளத்தை விழுங்கிவிட்டு வெறும் ‘போக்குவழி’ என்றார்கள். போக்குவரத்துக்குத்தான் வழி, சுங்குவார்சத்திரம் பஸ் இதில்தான் வரப்போகிறது என்று அவர்களாகவே முடிவும் கட்டினார்கள். காலி இடம் கண்டால் பஸ் ஓட்டிப் பார்க்கிற ஊர் அது.

நிலம் கொடுத்த நரசிம்மன் குடும்பத்துக்கும் இரண்டு மனை கிடைத்தது. மேட்டு மனையைத் தங்கைக்குத் தள்ளிவிட்டு, போக்குவழி ஓரத்து மனையில் நரசிம்மன் வீடு கட்டிக்கொண்டான். ஓரத்தில் டீக்கடை போடக் கனவு கண்டிருந்த காந்திமதிக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் வரும் என்று அவன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், இவனுக்குத் தசையே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பஸ் வரவில்லை. ஓர் ஐப்பசியில் அடைமழை வந்தது, ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டியது. ஓரத்து வீட்டுக்காரர்களை நரசிம்மன் கெஞ்சி மேட்டுக்கு அனுப்பினான்.

காலடி மண் அதிர்ந்தது. பிறகு தண்ணீர் வந்தது. பனைமரங்களையும் கூரைகளையும் சுமந்துகொண்டு, பழகிய மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி, காலி நிலத்தில் மட்டும் நடந்தது. பட்டை வளைந்த இடத்தில் தானும் வளைந்தது. இத்தனை பெரியது இத்தனை ஒழுங்காகப் போகுமா! காந்திமதியின் கைகள் தாமாகக் குவிந்தன.

அப்போதுதான் அண்ணன் வீடு கண்ணில் பட்டது. தண்ணீர் படிகளில் ஏறி, வாசற்படிக்குக் கீழே நின்றிருந்தது. தண்ணீர் வரும் என்று தெரிந்தவனே அந்த மனையை எடுத்திருக்கிறான்.

சேற்றில் இறங்கி ஓடி, பின்வாசல் வழியாக நுழைந்தாள். வாசலில் நரசிம்மனும் கைகூப்பித்தான் நின்றிருந்தான்.

“இம்மாம் பெருசா வரும்னு எனக்கே தெரியாது, மதி.”

“மேல வாண்ணா. என் மனையில பாதி எடுத்துக்கினு அங்கயே வூடு கட்டிக்கோ.”

அவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்பறம் இந்த மனைக்கு யாரு வருவா? இத்தப் பாக்காதவன் வந்தான்னா, நாலு வருசம் காஞ்சதும் வழியில செவுரு வெச்சிடுவான்.”

காந்திமதி ஈரப்புடவையோடு அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.