எள்ளளவு ஆட்டம்

கூடப்பிறந்தவனின் வாக்குக்கு அக்கா அன்று போட்ட விலை ஒரு டீ.

"பின்னால இடது சக்கரம் ஆடுதுக்கா" என்று தம்பி வந்து நின்றபோது, "டீயக் குடி, ஆட்டம் நின்னுடும்" என்றாள். வெங்காய மண்டிக்காரி. அவளுடைய பழைய லாரியை வாங்க மதியம் ஆள் வருகிறார். இத்தனை வருஷம் அதை ஓட்டிய தம்பிக்கோ விற்க மனமில்லை. விற்கப்போகும் நேரத்தில் மாடு நொண்டினால் மாட்டைப் பார்க்கக் கூடாது, மேய்க்கிறவனைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"நேத்து சரக்கோட மலையிறங்குறப்போ கண்ணாடியில பாத்தேன். டயர் நெளிஞ்சு நெளிஞ்சு வருது."

"இப்பத்தான் பெயிண்ட் அடிச்சு மினுமினுன்னு நிக்குது. உன் கண்ணுதான் பட்டிருக்கும்."

அவன் மண்டி வாசலிலேயே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினான். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். 'டக்' என்றது.

"கேட்டியா? பேரிங் போச்சு."

"அதையும் என் தலையில கட்டப் பாக்குறியா? இரு."

தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் திருட்டு விரல்களைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். ஆடுவது எது, ஆட்டுவது எது என்று பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். குந்தி உட்கார்ந்து, நடுவில் துருத்திய அச்சு முனையில் பாதியும் அதை ஒட்டிய சக்கரத்தின் உள்விளிம்பில் பாதியுமாக ஒரு விரலை வைத்தாள்.

"இப்ப நெம்பு."

விரலின் ஒரு பாதிக்குக் கீழே இரும்பு கல்லாக நின்றது. மறுபாதிக்குக் கீழே நகர்ந்தது. எள்ளளவு.

"நடுவுல இருக்கிறது அசையலடா. சக்கரம் மட்டுந்தான் அசையுது."

தம்பியின் முகம் மாறியது. "அப்ப பேரிங் இல்லக்கா. அது போயிருந்தா நடுவும் சேந்து ஆடியிருக்கும். சக்கரமே கழண்டுக்கிட்டு இருக்கு."

புது நீலத்தில் நட்டுகள் பளபளத்தன. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் துருக்கோடு ஒன்று கண்மை கரைந்தாற்போல் வழிந்திருந்தது. ஸ்பேனரை வைத்தான்; மூச்சுப் பிடிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. மூன்று நட்டுகள் அறுந்த போல்ட் துண்டோடு கைக்கு வந்தன. சக்கரத்தை இறக்கினார்கள். இரும்போடு இரும்பு பொருந்துகிற இடத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி, பொடிந்து கிடந்தது.

"உள்ளயும் அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். இண்டு இடுக்கு விடாதன்னேன். வாங்குறவன் எங்க குனிஞ்சு பாப்பானோ!"

"நடுவுல பெயிண்ட் இருந்தா அது நசுங்கும், நட்டு தளரும்."

"அதான் பத்து போல்ட்டு தாங்குதே?"

"போல்ட்டு சுமக்கலக்கா. முறுக்குறப்போ அது துளியூண்டு நீளும். திரும்பச் சுருங்கப் பாக்கும். அந்த இழுப்புலதான் சக்கரம் அழுந்தி நிக்குது."

"இரும்பு நீளுமா?"

"நீளும். கண்ணுக்குத் தெரியாது."

அவள் உள்ளங்கையை அந்த இரும்பின்மேல் வைத்தாள். எத்தனை மூட்டை ஏற்றியிருப்பாள்! ஒரு கைப்பிடி வெங்காயத்துக்குத் தொண்டை வற்றப் பேரம் பேசியவள், பாரத்தையெல்லாம் டயர் சுமப்பதாகத்தான் நினைத்திருந்தாள். இங்கே விரல் தண்டி இரும்புகள், கூலி கேட்காமல், முனகாமல், இரவும் பகலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நேற்றைய மலை, அதன் வளைவுகள், பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிய இவன் எல்லாம் அந்தப் பிடியில் தொங்கி வந்திருக்கின்றன. மெய் சிலிர்த்தது. எதையோ எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

போன் அடித்தது. "கெளம்பிட்டேம்மா, பணம் ரெடி" என்றது குரல்.

"வராதீங்கண்ணே. சக்கரத்துல குத்தம் இருக்கு. சரி பண்ணிட்டு நானே கூப்பிடுறேன்."

தம்பி வாயைப் பிளந்தான். சரக்கின் குறையை அக்கா தன் வாயால் சொல்லி அவன் கேட்டதில்லை. அவளோ போல்ட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பத்துல மூணு அறுந்துபோச்சு. நாலுல கீறல். முழுசா நின்னது மூணு."

"எல்லாத்தையுமே மாத்தணும்க்கா."

"மாத்து. ஆனா உன்னக் கொண்டாந்து சேத்தது அந்த மூணுதான். அதுங்க கூலி என் பேர்ல பாக்கி."