ஒன்றும் சொல்லித் தராதவர்

மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. வெளியே சன்னமான தூறல். இயற்பியல் துறைத்தலைவி ஆய்வகத்தின் கடைசி முக்காலியில் வந்து அமர்ந்தார். அங்கே வகுப்பெடுக்கும் தற்காலிக விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டும் வேலை உண்டா, இல்லையா என்பதை மதியத்துக்குள் அவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதலாண்டு மாணவர்கள் விரிவுரையாளருக்கு அளித்திருந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு இரண்டே கால். இரண்டரைக்குக் கீழே போனவர்களைப் பொதுவாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

விரிவுரையாளருக்கும் அது தெரியும். "மாமியார் மாதிரி பாத்தீங்கன்னா எனக்குப் பாடமே மறந்துடும் மேடம்," என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

அன்று ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என வர வேண்டும். ஜன்னலோர மேசையிலிருந்த இருவருக்கு அது ஒன்பது புள்ளி மூன்றுக்கு மேல் ஏற மறுத்தது.

"சார், மாத்தி எழுதிக்கட்டுமா?" என்றாள் மாணவி.

"எழுதிக்கலாம். ஊசல் ஒத்துக்கணுமே! எதையெல்லாம் அளந்தீங்க?"

அவர் நகர்ந்ததும் அவளுடைய கூட்டாளி முணுமுணுத்தான்: "எங்க சித்தப்பா போலீஸ்ல இருக்காரு. அவரே இவ்வளவு கேள்வி கேக்கமாட்டாரு."

முதலில் கடிகாரத்தைக் குறை சொன்னார்கள், பிறகு ஒருவரையொருவர். நாக்கு நுனிவரை வந்த விடையைத் துறைத்தலைவி இருமுறை விழுங்கினார். தம் வகுப்பில் அதை முதலிலேயே கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுவார்; அவருக்குக் கிடைத்த மதிப்பெண் நாலரை.

"டேய், நூலை மட்டும்தான் அளந்திருக்கோம்!" மாணவி அளவுகோலைத் தூக்கிப் பிடித்தாள். "குண்டோட நடுவரைக்கும் அளக்கணும்டா!"

வகுப்பு கலைந்ததும் துறைத்தலைவி அவளை நிறுத்தினார். "இஷ்டம் இருந்தா சொல்லும்மா. சாருக்கு எவ்வளவு போட்ட?"

"ரெண்டு மேடம்."

"ஏன்?"

"நல்லவருதான். ஆனா ஒண்ணுமே சொல்லித் தரமாட்டாரு. எல்லாத்தையும் நாங்களேதான் கண்டுபிடிச்சுக்கணும்."

அவள் முகத்தில் கேலி இல்லை. உண்மையான மனக்குறைதான் இருந்தது.

அறைக்குத் திரும்பிய துறைத்தலைவி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு விரிவுரையாளரின் வகுப்பேட்டைப் புரட்டினார். பாடத்திட்டத்தில் இரண்டு சோதனைகள் இன்னும் தொடப்படாமலே கிடந்தன. மாணவியின் புகாரிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எழுதினார்: பணி ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. மாணவர்கள் அன்றன்று எதைக் கண்டறிந்தார்கள் என்பதை வகுப்பு முடியும்போது அவர் எடுத்துக் கூற வேண்டும்.

கையொப்பமிட்டுவிட்டு, நடைக்கூடத்தில் நின்றிருந்த விரிவுரையாளரை உள்ளே அழைத்தார்.

"ரெண்டு சோதனை பாக்கி இருக்கு தம்பி. சாக்குச் சொல்லாம முடிச்சிடுங்க," என்று தாளை நீட்டினார்.