மழையோடு வந்தவர்கள் வீடு

எங்கள் இக்போமினா சீமையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஓர் அரசகுமாரன்தான் வந்து திறப்பான். ஆதியில் அரசர்கள் பிறந்த இஃபே நகரத்திலிருந்து காட்டை வெட்டி வழி போட்டுக்கொண்டு வந்தார்களே, அந்த அரிவாள் எங்கள் பாட்டன் கையில்தான் இருந்தது என்பான். அத்தனை பாட்டன்களும் அதைப் பிடித்திருந்தால் வெட்டுவதற்குக் காடு எங்கே மிஞ்சியிருக்கும் என்று நான் கேட்டதுண்டு.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஒன்றுதான் இலேமோ ஊரிலேயே அந்தப் பொய்யைச் சொல்லாத வீடு. யோக்கியர்கள் என்பதால் அல்ல. பாட்டு இடம் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் பூர்வீகப் பாட்டு ஒன்று உண்டு. எங்கிருந்து வந்தோம், எப்படி வந்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறந்த பிள்ளைகள் அதைப் பாடமாட்டார்கள், கேட்டுப் பெருமைப்படுவார்கள், அவ்வளவுதான். பாட வேண்டியது வாழ வந்த மருமகள்கள். பிள்ளை பிறந்தாலும், பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும், பிணம் விழுந்தாலும் நாங்கள்தான் தொண்டை கிழியப் பாட வேண்டும். எங்கள் வீட்டுப் பாட்டு இப்படிப் போகும்:

மழையோடு வந்தவர் பிள்ளையே,
எரிந்த இரோமுவின் புகை வாசம் மாறாத பிள்ளையே,
‘யார்’ என்று கேட்டார்கள். ‘பசித்தவன்’ என்றாரே, அவர் பிள்ளையே,
குப்பைமேட்டுக்குப் பின்னே இடம் கொடுத்தார்கள்;
கொடுத்தவர்களே கிழங்கு கேட்டு வந்து நின்றார்கள்.

இதில் அரச கிரீடம் எங்கே இருக்கிறது? ஊர் எரிந்து ஓடி வந்தவர்கள் என்று பச்சையாகச் சொல்கிறது. எனக்கு அதனாலேயே இந்தப் பாட்டைப் பிடிக்கும்.

அந்த வீட்டில் பிறந்த எல்லோருமே எங்களுக்குப் ‘புருஷர்கள்’. ஆணோ, பெண்ணோ, நேற்றுப் பிறந்த சிசுவோ, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நாங்களாக ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்வோம். நான் மணப்பெண்ணாக வந்தபோது என் கணவரின் தம்பி ஒயின்லோயே அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். காதில் பென்சில் செருகியிருந்ததால் ‘குமாஸ்தா துரை’ என்று வைத்தேன். அவன் அக்கா மொரேனிகேவுக்கு ‘முத்துப்பல்லு’.

குமாஸ்தா துரை லாகோஸுக்குப் போய் அரசாங்க வேலை பார்த்து, தொப்பை வளர்த்து, ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்தான். வந்த நேரம் ஊர் அரியணை காலியாகக் கிடந்தது. அதில் ஏறுவது இந்தத் தடவை கீழ் அரண்மனை வம்சத்தின் முறை. அந்த வம்சத்தில் ஆள் அருகிப் போயிருந்தது. ‘காணாமல் போன கிளை ஒன்று உண்டு, அது நாங்கள்தான்’ என்று இவன் கிளம்பினான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவனுக்கு வாழ்வு வருவதற்கு முன்னாலேயே குடை விரிந்துவிட்டது.

முத்துப்பல்லு அப்படி இல்லை. புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவள், குழம்பில் மணக்கப் போடும் புளித்த கொட்டையைச் சந்தையில் விற்றுத் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொண்டாள். நானும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்துக் கிழவிகளானோம். படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவேரோ, என்னை எங்கம்மா பக்கத்துல, இந்த ரேழியிலயே பொதைக்கச் சொல்லு. நீதான் பாடணும். வேற எவளும் வேணாம்.”

“நான்தான் பாடுவேன். வேற யாரு பாடுவா?”

“முழுசாப் பாடு. குப்பைமேட்ட விட்றாத. அங்க எல்லாரும் கூட்டமா இருப்பாங்களாம். பாட்டு மாறிப்போச்சுன்னா யாரோ எவளோன்னு நெனச்சி கதவைத் தொறக்க மாட்டாங்க.”

செத்தவர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் முன்னோர்களிடம் போய்ச் சேருகிறார்கள். இதை நாங்கள் பாதிரியாரிடமும் சொல்வதில்லை, இமாமிடமும் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

உடல் பிணவறையில் இருக்க, குமாஸ்தா துரை என் வாசலுக்கு வந்தான். கைப்பேசியை நீட்டினான். அதில் எவனோ முரசோடு பாடினான். சிறுத்தைத் தோலில் பிறந்தவர், இஃபே அரண்மனையில் முதல் பந்தியில் உண்டவர், மணிமுடியைத் தலையணையாக வைத்துத் தூங்கியவர் என்று போயிற்று.

“நல்லாருக்குதே. யாரு வீட்டுப் பாட்டுங்க இது?” என்றேன்.

“நம்ம பாட்டு, அண்ணி.”

“ஓகோ. எப்போலேர்ந்து?”

“கிண்டல் வேணாம். இலோரின்ல பெரிய பாடகர் ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காரு.”

“சும்மாவா கண்டுபிடிச்சாரு, பணம் வாங்கிக்கிட்டா?”

“ஏதோ மரியாதைக்குக் குடுத்தேன்.”

“அப்போ நல்லாத்தான் கண்டுபிடிச்சிருப்பாரு.”

அவன் முகம் சிறுத்தது. “அரசரத் தேர்ந்தெடுக்கற பெரியவங்க மூணு பேரும் அக்கா சாவுக்கு வராங்க. அந்த மழைப் பாட்டு அவங்க காதுல விழக் கூடாது. மருமகளுங்க எல்லாரும் இதைத்தான் பாடணும். எல்லாருக்கும் பின்னல் துணி எடுத்திருக்கேன், உங்களுக்கும்தான்.”

“உங்கக்கா என்கிட்ட கேட்டுக்கிட்டது மழைப் பாட்டைத்தான்.”

“செத்தவங்களுக்கு என்ன பாட்டுன்னு தெரியவா போவுது, அண்ணி?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனைச் சின்ன வயதில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் முத்துப்பல்லு. துணியை அவன் பக்கமாகவே தள்ளினேன். ஆனால் மற்ற மருமகள்கள் வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே தையல்காரனிடம் ஓடினார்கள். பூர்வீகத்தை இரண்டு கெஜத் துணிக்கு விற்ற கூட்டம் என்று நான் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “தையல்கூலியும் அவரே குடுக்கறாரு, அக்கா” என்றாள் ஒருத்தி.

அடக்கத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். இடித்த கிழங்கும் எகுசி விதைக் குழம்பும் அண்டா அண்டாவாக வந்தன. இலோரின் பாடகன் ஒலிபெருக்கியோடு வந்திறங்கினான். அரசரைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்கள் மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து கோழித் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் எங்கள் வீட்டுக் கதை தெரியும். எங்கள் குப்பைமேட்டுக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் சிறுத்தைத் தோல் என்று வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார்கள். கோழி நன்றாக இருந்தது போலிருக்கிறது.

குமாஸ்தா துரை அக்பாடா அங்கியைத் தோளில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு பாடகன் நெற்றியில் நைரா நோட்டுகளாக ஒட்டினான். பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. பாடகன் பெட்டியைப் பார்த்து, “கீழ் அரண்மனையின் மகளே” என்று மூன்று முறை கூவினான்.

அப்போதுதான் தோப்புக்காரர்கள் வந்தார்கள்.

இந்தப் பொய்யை நம்பி வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அரச வம்சத்துப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாலும், எத்தனை வயதில் செத்தாலும், உடல் அரண்மனைத் தோப்புக்குத்தான் சொந்தம். அந்தத் தோப்பைக் காக்கும் அரண்மனை வம்சத்து ஆட்கள்தான் தோப்புக்காரர்கள்; அவர்களே வந்து தூக்கிப்போவார்கள். அவர்கள் தூக்கும்போது பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பாட்டு கிடையாது, அழுகை கிடையாது, எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லமாட்டார்கள். ஊரில் எந்த மருமகளைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாள். லாகோஸ்காரன் கேட்கவில்லை. இலோரின்காரனுக்குத் தெரியாது.

அவர்களின் தலைவர் அஜிபோயே, ஒல்லியான மனிதர், சிரிக்காமல் பேசுகிறவர். பந்தலுக்குள் வந்து கைத்தடியை ஊன்றினார்.

“எங்க பொண்ணு செத்துட்டான்னு ஊர் முழுக்கக் கூவறீங்க. எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்.”

குமாஸ்தா துரையின் கை, ஒட்டப்போன நோட்டோடு அப்படியே நின்றது. “ஐயா... ரேழியில குழி வெட்டியாச்சே” என்றான்.

“மூடிருங்க. அரண்மனைப் பொண்ணுக்கு ரேழியில என்ன வேலை?”

“இல்ல, அவங்க ரொம்ப நாளா இங்கயே இருந்துட்டாங்க...”

“எங்க இருந்தா என்ன? நான் ஒண்ணுதான் கேக்கறேன். உங்க வாயால சொல்லுங்க. இது யார் வீட்டுப் பொண்ணு?”

ஒரு வார்த்தை போதும். ‘எங்கள் வீட்டுப் பெண்’ என்றால் அக்கா அம்மா பக்கத்தில் படுப்பாள், அரியணை போகும். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. முன்வரிசை மூவரைத்தான் பார்த்தான். அவர்கள் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

“உங்க பொண்ணுதான்,” என்றான். “எடுத்துட்டுப் போங்க.”

எத்தனையோ கேடுகெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி ஏமாற்றியவன், கள்ளில் தண்ணீர் கலந்தவன், மாமியாரின் தலைக்கட்டுத் துணியைத் திருடியவள். அவர்கள் எல்லோரும் அந்த நிமிடம் எனக்கு உத்தமர்களாகத் தெரிந்தார்கள்.

“பொம்பளைங்க உள்ள போங்க,” என்றார் அஜிபோயே. பின்னல் துணிக்காரிகள் எல்லாம் சரசரவென்று உள்ளே ஓடினார்கள். தோப்புக்காரர்கள் பெட்டியின் நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

நான் ரேழி வாசலில் நின்றேன். தோப்புக்காரர்கள் முன்னால் நின்ற பெண்ணை ஊரைவிட்டே துரத்தியிருக்கிறார்கள்.

“எறக்குங்க,” என்றேன்.

“உள்ள போம்மா,” என்றார் அஜிபோயே.

“போறேன். அதுக்கு முன்ன என் புருஷன எறக்குங்க. அம்பது வருஷமா இந்தம்மாவுக்குப் பொண்டாட்டி நான். இந்த வீட்டுல பொறந்தவருக்கு வீடு மறந்து போச்சு, கேட்டீங்கல்ல. பொறந்தவனுக்கு மறக்கலாம், அவனுக்கு அது சும்மா கெடச்சது. கட்டிக்கிட்டு வந்தவளுக்கு எப்படி மறக்கும்? எந்த வீடுன்னு கேட்டுத்தான எங்கப்பா குடுத்தாரு.”

“வாய்ப்பேச்சு யாரு வேணா பேசலாம்.”

“பேச்சு எதுக்கு? கேளுங்க.”

பாடினேன். மழையோடு வந்தவர் பிள்ளையே என்று எடுத்தபோது குரல் உடைந்தது. இரோமு எரிந்த இடத்தில் நிமிர்ந்தது. ‘யார் என்று கேட்டார்கள்’ என்று நான் நிறுத்தியபோது, கூட்டத்தின் பின்னாலிருந்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் “பசித்தவன்” என்றார்கள். பிறகு கதவு திறந்தது. உள்ளே ஓடிய மருமகள்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் பின்னால் நின்று சேர்ந்து பாடினார்கள், அதே பின்னல் துணியில். குப்பைமேட்டை நாங்கள் விடவில்லை. மூன்று முறை பாடினோம்.

தன் பாட்டைக் கேட்டால் உடம்பு சிலிர்த்துத் தலை பெருக்கும் என்று எங்களில் சொல்வார்கள். குமாஸ்தா துரைக்கும் பெருத்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பசித்தவன் என்று ஒரு சொல், அதைச் சொல்ல அந்தத் தொப்பைக்கு மனம் வரவில்லை.

அஜிபோயே கையைக் காட்ட, பெட்டி தரையில் இறங்கியது.

“இது எங்க பாட்டு இல்ல,” என்றார் அவர். “எங்க பாட்டுல குப்பைமேடு குடுத்தவங்கதான் வருவாங்க.” பிறகு குமாஸ்தா துரையிடம் திரும்பினார். “தெரிஞ்சேதான் வந்தேன் தம்பி. எவ்வளவு தூரம் போவீங்கன்னு பாக்க வந்தேன். ரொம்ப தூரம் போயிட்டீங்க.” வந்ததற்குக் கூலியாகப் பந்தலில் கட்டியிருந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் மூவரும் எழுந்து கைகழுவினார்கள். அரியணைப் பேச்சு அந்தத் தண்ணீரோடு போயிற்று. இலோரின் பாடகன் அதற்குள் வண்டியில் ஏறியிருந்தான்.

முத்துப்பல்லுவை அவள் அம்மா பக்கத்தில் வைத்தோம்.

மறுநாள் காலை நான் அமலாக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா துரை வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். அங்கி இல்லை, வெறும் பனியன். வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“அண்ணி, எனக்கும் வயசாகுது.”

“ஆமாங்க, தெரியுது.”

“நான் போறப்ப... எந்தப் பாட்டு பாடுவீங்க?”

“நீங்க எந்த வீட்டுப் பிள்ளைன்னு ஊர் முன்னால சொன்னீங்களோ, அந்த வீட்டுக்காரங்களக் கேளுங்க.”

“அவங்கதான் இல்லன்னுட்டாங்களே.”

“நீங்களும்தான் எங்கள இல்லன்னுட்டீங்க.”

அவன் உதடு சின்னப் பிள்ளையுடையதைப் போலக் கோணியது. நான் அமலாவைத் தட்டில் போட்டு, குழம்பு ஊற்றி, அவன் முன்னால் வைத்தேன். புருஷனுக்குச் சோறு போட வேண்டியது முறை. அவன் தட்டைத் தொடவில்லை.

“அப்போ செத்தா நான் எங்க போறது, அண்ணி?”

“லாகோஸுக்குப் போங்க,” என்றேன்.