அழுகுரல் கேட்காத வீடு

மெல்கியோர் முதலில் நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து போட்டார். அப்புறம் சின்ன மேசை, அலமாரி. நீளமான சோபாதான் வாசலில் மாட்டிக்கொண்டு படாத பாடு படுத்தியது. ஒருவழியாக அதைச் சாய்த்து, முட்டியால் தள்ளி, மாமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய சாமான் அது. மறுபக்கத்தைப் பிடிக்க இத்தனை காலம் வீட்டில் ஆள் இருந்தது.

அன்று விடியற்காலையில்தான் அவர் மனைவி கொன்சிலி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

லுசாகாவின் அந்தப் பேட்டையில் சாவு வீட்டை யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. வீட்டுச் சாமான்கள் முற்றத்துக்கு வந்துவிடும். காலியான கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் தரையில் உட்காருவார்கள். ஆண்கள் வெளியே தீ மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொன்றாகச் சோள மாவும் கரியும் விறகும் தூக்கிக்கொண்டு தெருவே வந்துசேரும். சாவுக்கு ஆள் விட்டு அழைப்பது அங்கே கேள்விப்படாத காரியம்.

மெல்கியோருக்கு இதெல்லாம் அத்துப்படி. புருண்டியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து பேட்டையில் மளிகைக் கடை போட்ட நாளிலிருந்து அவர் போகாத சாவு வீடு இல்லை. எதிர்வீட்டு மினிபஸ் டிரைவரின் தாயார் போனபோது, கொட்டுகிற மழையில் தார்ப்பாய்க்கு அடியில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் அவர். உள்ளே அத்தனை பேருக்கும் பெரிய பானையில் களி கிண்டிக் கிண்டிக் கை கொப்பளித்துப்போய் வந்தாள் கொன்சிலி.

இப்போது அவருக்கு வேண்டியது களியும் விறகும் அல்ல, நாலு பெண்கள். பிணவறைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு மத்தியானம் அடக்கம்னா, காலைல பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்துருங்க அண்ணே. குளிப்பாட்டி உடுத்துறது அவங்க வேலை. உங்க பக்கத்துலருந்து யாரும் வரலைன்னா ஆஸ்பத்திரித் துணியச் சுத்தித்தான் பெட்டியில வைப்போம். அப்புறம் வருத்தப்படாதீங்க."

உப்பு வாங்கப் போவதென்றாலும் இஸ்திரி போடாத துணியைக் கட்டிக்கொண்டு வாசல் தாண்டாதவள் கொன்சிலி. அவளை ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி அனுப்புவதா?

சொந்தக்காரர்கள் எல்லைகள் தாண்டி இருந்தார்கள். தம்பியிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது, வர வழியில்லை. பேட்டையில் இருந்த இரண்டு மூன்று புருண்டிக் குடும்பங்களும் போன மழைக்காலத்திலேயே மூட்டை கட்டிவிட்டன. 'வியாபாரத்தையெல்லாம் வெளியாளுங்க வளைச்சுட்டானுங்க' என்று யாரோ கிளப்பிவிட, ஒரு சாயங்காலம் கடைகள்மீது கல் விழுந்தது. மெல்கியோர் கடையின் தகரத்தில் அந்த நெளிவுகள் இன்னும் இருக்கின்றன. கல் எறிந்தவர்கள் மறுநாள் வந்து ரொட்டி வாங்கினார்கள். அவரும் கொடுத்தார்.

கரியடுப்பைப் பற்றவைத்து, முற்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார் மெல்கியோர். மே மாதக் குளிர். சாமான்கள் வெளியே இருக்கின்றன. தீ இருக்கிறது. இனி வருவார்கள் என்று நினைத்தார்.

பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு டிரைவர், மும்பாவின் அப்பா, வந்தார். அங்கே யாரையும் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை. மும்பா அப்பா, கசோண்டே அம்மா என்று பிள்ளை பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மெல்கியோருக்கும் கொன்சிலிக்கும் பிள்ளை இல்லை. அதனால் அவர் 'புருண்டிக்காரர்' ஆனார். அவள் 'தையக்காரம்மா' ஆனாள்.

மெல்கியோர் எழுந்து நின்றார். வந்தவர் துக்கத்துக்குக் கை கொடுப்பார் என்று கையைக்கூட நீட்டிவிட்டார். மும்பா அப்பா கையைப் பற்றி உற்சாகமாகக் குலுக்கிவிட்டு நேரே சோபாவிடம் போய், அதை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. என்ன அண்ணே, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லவே இல்ல! இத என்ன விலைக்குத் தர்றீங்க?"

மெல்கியோருக்கு ஒன்றும் புரியவில்லை. "இது விக்கிறதுக்கு இல்ல."

"அட, அவ்ளோ தூரம் ஏத்திட்டா போகப் போறீங்க? லாரி வாடகையில ரெண்டு சோபா வாங்கலாம். யோசிங்க. வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராதீங்க, எதிர்வீட்டுக்காரன் நான் இருக்கேன்ல?"

சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். சோபாவுக்கு விலை கேட்டவரிடம் மனைவி செத்ததைச் சொல்ல மெல்கியோருக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்திருந்தால் திட்டியிருப்பார், அல்லது அழுதிருப்பார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அழுகுரல்! சாவு வீட்டில் முதலில் எழுவது அந்த வீட்டுப் பெண்ணின் ஓலம். அது கேட்டுத்தான் மற்றப் பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். அவர் வீட்டில் ஓலமிடுவதற்கு இருந்த ஒரே பெண் பிணவறையில் கிடக்கிறாள். அழுகை இல்லாமல் சாமான் வெளியே வந்தால் வீடு காலி செய்கிறான் என்றுதானே தோன்றும்? அதிலும் கல்லடி பட்ட வெளியூர்க்காரன் வீடு.

ஆண்கள் வாய்விட்டு ஓலமிடுவது அங்கும் வழக்கமில்லை, அவர் ஊரிலும் வழக்கமில்லை. இருந்தாலும் உள்ளே போய், காலிக் கூடத்தில் நின்று, ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தார். இருமல்தான் வந்தது.

கூடத்தின் மூலையில் தையல் மெஷின் மட்டும் இருந்தது. அதைத் தூக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊசிக்கு அடியில் புருண்டிக் கொடி பாதியில் நின்றிருந்தது. நடுவில் மூன்று நட்சத்திரம் இருக்க வேண்டும். இரண்டைத் தைத்திருந்தாள், மூன்றாவது வெட்டியபடி மெஷின்மேல் கிடந்தது.

மறுநாள் ஆப்பிரிக்க விடுதலை நாள். பள்ளிக்கூட ஊர்வலத்துக்காக எல்லா நாட்டுக் கொடிகளையும் தைத்துத் தரும்படி விழாக் குழுத் தலைவியான கசோண்டே அம்மா கேட்டிருந்தாள். டீச்சர்; கணீரென்ற குரல். காய்ச்சலோடு காய்ச்சலாகக் கொன்சிலி தைத்தாள்.

"எத்தியோப்பியாவை மொதல்ல முடிச்சிடறேன்," என்பாள். "வெள்ளைக்காரன் படையையே தோக்கடிச்சுத் திருப்பி அனுப்புனவங்க. காக்க வைக்கக் கூடாது."

"காய்ச்சல் கொதிக்குது. எத்தியோப்பியா ஒண்ணும் கோவிச்சுக்காது, படு."

"இங்க பாருங்களேன். இத்தனை நாட்டையும் ஒரே மடியில போட்டுத் தைக்கிறேன். ஒருத்தரும் சண்டை போடல."

சொந்த நாட்டுக் கொடியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரி கடைசியில்தானே சாப்பிட உட்காருவாள்.

சாயங்காலம்வரை வேறு யாரும் வராமல் போகவே, மெல்கியோர் மானத்தை விட்டு எழுந்தார். கசோண்டே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று பள்ளி மைதானத்துக்குப் போய் வேலியோரம் நின்றார். கொடி பிடித்த பிள்ளைகளுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.

"அண்ணே! உங்களத்தான் நெனச்சேன். புருண்டிக் கொடி மட்டும் இன்னும் வரலையே, முடிஞ்சுதா?"

"அதில்ல டீச்சர், அவ…"

"காய்ச்சல்னு கேள்விப்பட்டேன். பாவம், மெதுவா முடிக்கச் சொல்லுங்க. காலைல ஊர்வலம் உங்க தெரு வழியாத்தான் வருது, நானே வந்து வாங்கிக்கறேன்." அதற்குள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். "ஏய் மொராக்கோ! தூங்குறியா? கானாவை இடிக்காம நட!"

மெல்கியோர் வேலியை விட்டுத் திரும்பி நடந்தார். அவள் மேல் கோபம்கூட வரவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் சொல் எங்கே போய் விழும்? வீட்டுக்கு வந்து கரியடுப்பைக் கிளறிவிட்டு உட்கார்ந்தார். சுற்றி வெறும் நாற்காலிகள். இத்தனை ஜனம் இருக்கும் பேட்டையில், தன் மனைவி செத்தது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. பல்லாயிரம் பேர் கைபட்டு எழுந்த ஜிம்பாப்வேயின் கல்மதில்கள், ஏடுகள் குவிந்த திம்புக்து நகரம் என்று ஒரு குரல் பெருமைகளை அடுக்கிக்கொண்டே வந்தது. "அக்கம்பக்கத்து நாடுகள் விடுதலைக்குப் போராடியபோது, அந்தப் போராளிகளுக்கு இருக்க இடமும் உண்ணச் சோறும் கொடுத்த மண் இந்த லுசாகா! ஆப்பிரிக்கா ஒரே குடும்பம்!"

மெல்கியோர் அணைந்துபோன அடுப்பைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

தெருவில் ஊர்வலம் வந்தது, கொடி பிடித்த பிள்ளைகளும் கூடவே பேட்டைப் பெண்களும். முன்னால் எத்தியோப்பியா, பின்னால் கானா, நமீபியா, மாலி. ஒவ்வொரு கொடியின் ஓரத்திலும் கொன்சிலி போடும் இரட்டைத் தையல். கொடிகள் அவர் வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

கசோண்டே அம்மா வரிசையிலிருந்து விலகி வேகமாக உள்ளே வந்தாள். "என்ன அண்ணே, சாமானெல்லாம் வெளிய கெடக்கு? வெள்ளையடிக்கப் போறீங்களா? தையக்காரம்மா எங்க? கொடி?"

"உள்ள. மெஷின்ல இருக்கு," என்றார் மெல்கியோர்.

அவள் உள்ளே போனாள். சாமான் இல்லாத கூடம். நடுவில் விரித்த பாய். அதில் உட்கார ஆள் இல்லை. சுவரோரம் எரிந்து முடிந்த மெழுகுவத்தி. பக்கத்தில், இஸ்திரி போட்டு மடித்த ஒரு பெண்ணின் உடுப்பு. பிணவறைக்கு எடுத்துப் போவதற்காக மெல்கியோர் எடுத்து வைத்தது. ஊசிக்கு அடியில் இரண்டு நட்சத்திரம் தைத்த கொடி.

பிறகு உள்ளேயிருந்து அது எழுந்தது. மைதானத்தையே அடக்கும் அந்தக் கணீர்க் குரல், ஓலமாக உடைந்து தெருவுக்கு வந்தது.

தெருவில் மேளம் நின்றது. அந்தச் சத்தம் என்ன என்று ஒரு பெண்ணுக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளின் கொடிகளை வாங்கி வேலியில் சாய்த்துவிட்டு, ஒருத்தி பின் ஒருத்தியாக வாசலில் நுழைந்தார்கள். நேற்றிலிருந்து வராத கண்ணீர் மெல்கியோருக்கு அப்போதுதான் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

விழாக் குழுவின் ஆள் ஒருவர் வேலியோரம் வந்து மெல்லக் கூப்பிட்டார். "டீச்சர், மேடையில எல்லாரும் காத்திருக்காங்க. மைதானத்துல ஒரு நிமிஷம் மௌனமா நின்னுட்டு ஆரம்பிச்சிடலாமா? அந்தம்மா பேரைச் சொன்னீங்கன்னா…"

கசோண்டே அம்மா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், அவள் அடுத்தவளைப் பார்த்தாள். இந்தக் கடையில் ரொட்டி வாங்காதவர்கள், இந்த மெஷினில் உடுப்புத் தைத்துக்கொள்ளாதவர்கள் அங்கே யாரும் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் மெல்கியோர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே… அவங்க பேரு என்ன?"

"கொன்சிலி."

"கொன்சிலி," என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து அந்த ஆளிடம் சொன்னாள்: "நீங்க போங்க. எனக்குப் பொணவறையில வேலை இருக்கு."

மும்பா அப்பா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெண்கள் ஏறினார்கள். மெல்கியோரை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பாதி வழிவரை மெல்கியோர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றார் கடைசியில். "அழுகைச் சத்தம் கேக்கல. நான் பாட்டுக்கு சோபாவ…"

"உங்கம்மா போனப்ப நீங்க வந்து எங்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"உங்க வீட்டு வாசலைப் பாத்தேன், வந்தேன். நேத்து நீங்களும் என் வாசலைப் பாத்தீங்க. உங்களுக்கு சோபா தெரிஞ்சுது."

மும்பா அப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

பிணவறைக்கு வெளியே சிமெண்டுப் பெஞ்சில் மெல்கியோர் உட்கார்ந்திருந்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு, பாட்டின் நடுவே அழுகை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். பழக்கமில்லாத வாய்களில் அந்தப் பெயர் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி வந்தது. மெல்கியோர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு கசோண்டே அம்மா வந்தாள். கை ஈரத்தைத் துணியில் துடைத்தாள்.

"குளிப்பாட்டி, அந்த உடுப்பை உடுத்திவிட்டோம். ஒரு சுருக்கம் இல்ல. வந்து பாருங்க அண்ணே."

அவர் எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா அந்தப் பசங்களுக்கு ஒவ்வொரு நாட்டுப் பேரையும் தலைநகரத்தையும் சொல்லிக் குடுத்தேன் அண்ணே. ஒரு பேரு தப்பா வந்தாலும் விடல. அந்தக் கொடியெல்லாம் தைச்சவங்க பேரு எனக்கே தெரியல. வீட்டு வாசலைத் தாண்டி ஒரு எட்டு வந்து 'எப்படி இருக்கே'ன்னு கேக்காத ஜனத்துக்கு, எத்தனை கொடியத் தூக்குனாலும் அதெல்லாம் வெறும் துணிதான். கொடியப் புடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிறவங்க கையப் புடிக்கணும். இத நான் மேடையில சொல்லிருக்கணும். பொணவறை வாசல்ல நின்னு சொல்றேன்."