வெட்டிக் காட்டணும்

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க சார். நம்பர் தெரியல."

ரெஜிஸ் கிரைண்டரை நிறுத்தினான். வைஸ் பிடியில் இறுகியிருந்த அலுமினியத் துண்டைக் கட்டைவிரலால் துடைத்து, ஷூ டப்பா மேல் சாய்த்து வைத்திருந்த போனுக்கு நேராகத் திருப்பினான். பெங்களூரிலிருந்து பேசிய பெண் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். "ஓகே சார், கட் பண்ணுங்க." அவள் முகம் திரையில் இல்லை. கம்பெனியின் சின்னமான சிவப்பு நண்டுதான் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நின்றது.

அவன் வெட்டினான். பகல் இரண்டு மணி. சத்தம் தெருவுக்குப் போகாமலிருக்கக் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்ததால் உள்ளே அனல். அலுமினியப் பொடி வியர்வையோடு சேர்ந்து முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. எட்டு முடிந்திருந்தது, இன்னும் ஏழு.

வெட்டியதெல்லாம் ட்ரக். ஸ்கேட்போர்டுப் பலகைக்கு அடியில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்களைத் தாங்குகிற வார்ப்புக்கு அந்தப் பெயர். நண்டு கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. குறையுள்ள சரக்கை அது திருப்பி எடுக்காது, கூரியர் செலவு கட்டுப்படி ஆகாதாம். கடைக்காரன் அதைத் தன் கையாலேயே அழித்து வீடியோவில் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த சரக்கில் கழித்துக்கொள்வார்கள். காட்டாவிட்டால் நஷ்டம் கடைக்காரன் தலையில். இந்த ஆறு வருஷத்தில் ரெஜிஸ் புது ஷூவை பிளேடால் கிழித்திருக்கிறான், தையல் பிரிந்த ஹெல்மெட்டைச் சுத்தியலால் உடைத்திருக்கிறான். முதல் தடவை பிளேடை எடுத்து எடுத்துக் கீழே வைத்தான். அப்புறம் பழகிவிட்டது. பழக்கம் என்பது எவ்வளவு பெரிய சனியன் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

இந்தத் தடவை காரணம் பெரிது. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட் பார்க்கில், சிமெண்ட் சரிவில் இறங்கும்போது கோதாவின் போர்டில் ரெஜிஸ் மாட்டிக்கொடுத்த முன் ட்ரக் முறிந்தது. பதின்மூன்று வயசுப் பெண். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறி கே.கே. நகருக்கு வந்து அவனிடம் கற்றுக்கொள்பவள், மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தவள். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ரெஜிஸ்தான். அன்று சாயங்காலம் ட்ரக் முறிந்த இடத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஸ்கேட் கடை வைப்பதற்கு முன்னால் பதினோரு வருஷம் துவாக்குடிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் அவன். நல்ல வார்ப்பு எது, சொத்தை வார்ப்பு எது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே லாட்டில் வந்து விற்காமல் கிடந்த பதினான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் புகார் அனுப்பினான்.

பதினான்காவதையும் வெட்டி, வெட்டுமுகத்தை போனுக்குக் காட்டினான். உள்ளே கடுகு கடுகாகப் பொத்தல்.

"பாத்தீங்களா மேடம்? ப்ளோ ஹோல். ஊத்தும்போதே காத்து உள்ள மாட்டிக்கிச்சு. இத வச்சுதான் பிள்ளைங்க குதிக்குதுங்க."

"நோட் பண்ணிக்கிட்டேன் சார். அடுத்து அந்த உடைஞ்ச பீஸ்."

கோதாவின் போர்டிலிருந்து கழற்றியது. அதைக் கையில் எடுத்த ரெஜிஸ் வைஸில் வைக்கவில்லை.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே மேடம். பொண்ணோட அப்பா கேட்டா காட்டணும்."

"பதினஞ்சும் ஒரே கம்ப்ளெய்ன்ட் டிக்கெட்ல இருக்கு சார். ஒண்ணு கட் பண்ணலைன்னாலும் பதினஞ்சும் ரிஜெக்ட் ஆயிடும். இன்சிடென்ட் ரிப்போர்ட் தனியா போட்டிருக்கு. கம்பெனி பாத்துக்கும் சார்."

குரலில் அக்கறை இருந்தது. அதை நம்பி அவன் வெட்டினான். சாயங்காலம் முப்பது துண்டுகளையும் சாக்கில் போட்டு, சந்து முனையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாப்பாயியிடம் எடைக்குப் போட்டுவிட்டு வந்தான். கடைக்குள் அலுமினியப் பொடி கிடந்தால் சக்கரத்து பேரிங்குக்குள் போய்விடும் என்பது அவன் கவலை. ஆள் அப்படி, சுத்தக்காரன்.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. சம்பவம் குறித்துக் கம்பெனி மிகவும் வருந்துகிறது. பரிசீலித்ததில், சான்றிதழ் பெறாத நபர் அளவுக்கு மீறி முறுக்கியதால் ட்ரக் முறிந்திருக்கலாம் எனத் தெரிகிறது. கடைத் தரப்பு இதை மறுத்தால், முறிந்த பாகத்தையும் அதே லாட்டின் மற்ற பாகங்களையும் ஏழு நாட்களுக்குள் சோதனைச்சாலைக்கு அனுப்பி வைக்கவும்.

ரெஜிஸ் அதை மூன்று தடவை படித்தான். பிறகு கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு சந்து முனைக்கு ஓடினான்.

பாப்பாயி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செம்புக் கம்பியின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "அலுமினியமா? அது அந்த வாரமே லாரில ஏறிருச்சு தம்பி. இந்நேரம் உருக்கி சட்டியா அடிச்சிருப்பானுவ."

"ஒரு துண்டு கூடவா இல்ல? நல்லா பாருங்கக்கா."

"நீதான கொண்டாந்து கொட்டுன? வேணும்னா வச்சிருக்கணும்ல?" என்றாள் அவள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

போனில் இரண்டு போட்டோ இருந்தது. அனுப்பினான். போட்டோவை வைத்து எதையும் உறுதி செய்ய இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. வெட்டின வீடியோவைக் கேட்டான். அது கம்பெனியின் உள் ஆவணம், வெளியே தர இயலாது. சான்றிதழ்ப் பயிற்சிக்கு மூன்று வருஷம் முன்பே அவன் பெயர் கொடுத்திருந்தான். 'உங்க அனுபவத்துக்கு அதெல்லாம் வேண்டாம், ஆர்டரைப் போடுங்க' என்று தோளில் தட்டியதும் இதே கம்பெனிதான். ஆனால் தோளில் தட்டியதற்கு ரசீது யார் வாங்கி வைத்தார்கள்?

மதுரையில் இதே சரக்கு விற்கிற பிராங்க்ளினுக்குப் போன் போட்டான்.

"எங்கிட்டயும் ரெண்டு முறிஞ்சுச்சு ரெஜிஸ். நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. நானும் வெட்டித்தான் காட்டுனேன்."

"அத ஒரு மெயிலா எழுதிக் குடு. போதும்."

"எழுதினா நாளைக்கே எனக்கு சரக்க நிறுத்திருவான். என் கடையில முக்கால்வாசி அவன் மாலுதான். நீ என்னைய இழுக்காத."

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று ரெஜிஸ் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினான்.

கோதாவின் அப்பா சௌரிராஜன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உத்திர வீதி வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினார். கம்பெனியின் மெயில் அவருக்கும் போயிருந்தது. அதை அச்செடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

"சார், மாட்டுனதுல தப்பில்ல. வார்ப்புதான் சொத்தை. என் கண்ணால பாத்தேன்."

"பாத்தேள், சரி. எங்கே, காட்டுங்கோ."

"வெட்டச் சொன்னாங்க சார். வெட்டிட்டேன்."

"கொழந்தை கை ஒடிஞ்சு கெடக்கா. எதனால ஒடிஞ்சதோ அதை எடுத்து நாலு நாள்ல வெட்டிப் போட்டேள். அப்பறம் எங்கிட்ட வந்து வார்ப்புங்கறேள். நான் என்ன, காது குத்திக்கற கொழந்தையா?"

"கம்பெனி ரூல் சார் அது."

"யாராவது தன் தரப்பு சாட்சியைத் தானே அழிப்பாளோ?" அவர் குரல் ஏறியது. எதிர்வீட்டில் கதவு திறந்தது. "பெருமாள் கிருபை, தலைல படலே. பட்டிருந்தா இப்படி நின்னு பேசிண்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்காக அவ அம்மா வளையல் அடகுல இருக்கு, தெரியுமோ? திங்கக்கிழமை ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். போங்கோ."

உள்ளேயிருந்து கோதாவின் குரல் வந்தது. "ரெஜிஸ் சார் மாட்டிட்டு தானே ஏறி நின்னு பாத்தார்ப்பா. ரெண்டு தடவை பாத்தார்."

"நீ உள்ள போ!"

கோதா உள்ளே போனாள். ரெஜிஸும் படியிறங்கினான். ஆற்றங்கரை அம்மா மண்டபம் வரைக்கும் நடந்தே போனான், அவமானம் காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. வெட்டச் சொன்ன குரல் மேல் கோபம் வந்தது. அதைவிட, இருக்கட்டுமே என்று கெஞ்சிவிட்டு வெட்டின தன் கை மேல் வந்தது.

திங்கட்கிழமை சௌரிராஜன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஹரிஹரசுதன் அவரையும் கோதாவையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரெஜிஸின் கடைக்கு வந்து இறங்கினான். முப்பது வயசு இருக்கும், சட்டைப் பையில் சிவப்பு நண்டு. தில்லைநகரில் கம்பெனியே சொந்தமாகத் திறக்கப்போகும் ஷோரூம் வேலையாகத்தான் திருச்சி வந்திருந்தான். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். இந்த நண்டு அடுத்தவன் வளையில் அல்லவா இறங்குகிறது.

அவன் உட்காரவில்லை. இரண்டு தாள்களைக் கல்லா மேல் வைத்தான். ஒன்று காசோலை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும், சௌரிராஜன் பெயருக்கு. மற்றது ரெஜிஸ் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம். பொருத்தியதில் நேர்ந்த தவறுக்கு நானே முழுப் பொறுப்பு, தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை என்று அடித்து வைத்திருந்தது.

"இது பொய்" என்றான் ரெஜிஸ்.

"பார்ட் இருக்கா?"

"நீங்கதான வெட்டச் சொன்னீங்க?"

"டிஃபெக்ட்னு நீங்க க்ளெய்ம் போட்டீங்க. நாங்க ப்ராசஸ் பண்ணோம்." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "ரெஜிஸ், எனக்கு நாலு மணிக்கு மீட்டிங். கையெழுத்து போட்டா செக் இப்பவே சார் கைக்குப் போகும். போடலைன்னா நான் எடுத்துட்டுக் கிளம்பறேன். நீங்களும் சாரும் ஸ்டேஷன்ல பேசிக்கங்க."

"போட்டா என் கடை?"

"டீலர்ஷிப் எப்படியும் ரிவ்யூல இருக்கு. அது வேற விஷயம்."

சௌரிராஜன் சுவரில் மாட்டியிருந்த பலகைகளைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோதாவின் வலது கை கட்டுக்குள் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கியிருந்தன, நகத்தோரம் மருந்து மஞ்சள். கம்மல் இருந்த அவள் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததை ரெஜிஸ் அப்போதுதான் பார்த்தான். ஆறு வருஷமாக நம்பி வந்தவர்கள் எல்லோரும் இனி இந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். பேனா எழுதவில்லை. உதறினான். ஹரிஹரசுதன் தன் பேனாவைக் கொடுத்தான்.

கையெழுத்தானதும் காசோலை கை மாறியது. "ரொம்ப உபகாரம். பெரிய கம்பெனின்னா பெரிய கம்பெனிதான்" என்றார் சௌரிராஜன், ரெஜிஸைப் பாராமல்.

டிரைவர் காரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கோதாவுக்குக் கம்பெனியின் பரிசாகப் புது போர்டு. பலகை தனி, ட்ரக் தனியாக இருந்தது. வழக்கம்போல ரெஜிஸ் கருவியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குனிந்தான்.

"நீங்க தொடாதேங்கோ" என்றார் சௌரிராஜன்.

ரெஜிஸ் நிமிர்ந்தான். ஹரிஹரசுதன் அவன் கையிலிருந்த கருவியை வாங்கி டிரைவரிடம் நீட்டினான். "அண்ணே, நீங்க மாட்டுங்க. நட்டு முடுக்கறதுதானே."

டிரைவர் தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் கவிழ்த்துப் போட்டு முடுக்க ஆரம்பித்தார். அவர் கை கார் சக்கரத்துக்குப் பழகிய கை.

"அப்பா, முன்னாடி ட்ரக் திரும்பி இருக்கு" என்றாள் கோதா.

"அவாளுக்குத் தெரியும்மா. அவா கம்பெனி."

"சார், எட்டு நட்டு வேணும்" என்றான் ரெஜிஸ். "ஏழுதான் போட்டிருக்காரு. ட்ரக்கும் திரும்பி இருக்கு. நான் தொடல. அவரையே கழட்டி மாட்டச் சொல்லுங்க."

"நீங்க பேசப்படாது. மாட்டினது போறும்."

ஹரிஹரசுதன் போனை உயர்த்தினான். அப்பாவையும் மகளையும் போர்டுக்கு இருபுறமும் நிற்க வைத்தான். "ரெஜிஸ், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க." ரெஜிஸ் தன் கடை ஷட்டருக்கு வெளியே போய் நின்றான்.

"இந்தப் பக்கம் பாரும்மா. சிரி."

கோதா இடது கையால் போர்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் காலடியில் உட்கார்ந்திருந்த டிரைவர், கையில் மிச்சமிருந்த ஒரு நட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.