இரண்டு மிதி

அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த பள்ளி வேனை நான் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாவி கொடுத்த அன்று அவனே ஏறி உட்கார்ந்து பிரேக்கை இரண்டு தரம் மிதித்துக் காட்டினான்.

"கல்லு மாதிரி நிக்குது பாரு. கண்ணை மூடிட்டு ஓட்டலாம்."

கண்ணை மூடிக்கொண்டு எவளாவது வேன் ஓட்டுவாளா என்று கேட்டேன். சிரித்தான். கூடப்பிறந்தவன் வண்டியை இன்னொருவரிடம் காட்டிச் சோதிப்பதா என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரே குறை, அவன் மகள் என் வேனில் வரவில்லை. அவன் ஓட்டியவரை தினமும் இதில்தான் போனாள். இப்போது வேன் வாடைக்கு வாந்தி வருகிறதென்று பைக்கில் கூட்டிப்போனான். என் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இடத்தில் வேறு எந்தப் பிள்ளையையும் நான் உட்காரவிடவில்லை. எப்படியும் வருவாள் என்று நினைத்தேன்.

இன்று காலை ஒரு இறக்கத்தில் சிக்னலுக்காக நின்றேன். பின்னால் பிள்ளைகள் வழக்கம்போலக் கூச்சல். பிரேக்கை மிதித்தபடிதான் இருந்தேன். ஆனால் பெடல் தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. வேன் முன்னால் நின்ற ஸ்கூட்டரை நோக்கி நகர்ந்தது. கைபிரேக்கை இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். வேறு வேனை வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துவரச் சொன்னேன்.

"பிரேக் ஆயில் ஒரு சொட்டு வெளியே ஒழுகலையே" என்றேன்.

"வெளியே ஒழுகாதுங்க" என்றார் மெக்கானிக். "நீங்க மிதிச்சா இந்த சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். ஆயில் அமுங்காது. அதனால அந்த அழுத்தம் குழாய் வழியா நாலு சக்கரத்துக்கும் போய்ப் பிடிக்குது. இதுல பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் தேஞ்சு போச்சு. காலை வெச்சுட்டே இருந்தா ஆயில் அதைத் தாண்டி உள்ளேயே பின்னால நழுவிடும். டக்டக்னு ரெண்டு தரம் மிதிச்சா மறுபடி கெட்டியாயிடும். ஏமாத்த வசதியான கோளாறு."

"புதுசா வந்ததா?"

"ரொம்ப நாளாத் தேஞ்சது. ஓட்டினவருக்குத் தெரியாம இருக்காது."

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது என்று நம்பத்தான் ஆசைப்பட்டேன். போன் செய்ததும் வந்தான்.

"நான் ஓட்டினப்போ நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"சரி, ஏறி உட்காரு. ஒரே ஒரு தரம் மிதிச்சு, காலை எடுக்காம வெச்சிரு."

உட்கார்ந்தான். கால் பெடலைத் தொட்டதுமே டக்டக்கென்று இரண்டு தரம் மிதித்தது. மெக்கானிக் என்னைப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்தது என் அண்ணன். பழைய வண்டியைத் தலையில் கட்டியதைக்கூட ஒரு வருஷம் திட்டித் தீர்த்து மறந்திருப்பேன். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் அந்த ஜன்னலோர இடம் காலியாகத் தெரிந்தது.

"பாப்பாவுக்கு நிஜமாவே வாந்தி வருதாண்ணா?"

பெடலிலிருந்து காலை எடுத்தான்.

"அவ சின்னப் பொண்ணும்மா" என்றான்.

அந்த வேனில் ஏறுகிறவர்கள் எல்லோருமே சின்னப் பிள்ளைகள்தான்.