தூங்கும்போது கீச்சிடும் பெட்டி

துடோரெலுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. பகல் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்து, தலைக்கு மேலே பற்றவைத்த தழும்புகளை கிரைண்டிங் மிஷினால் தேய்த்துவிட்டு வந்திருந்தான். கையைத் தூக்க முடியவில்லை. மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிராம் நிறுத்தத்தருகே இருந்த யோர்தாகெயின் கடைக்குப் போனான். துடோரெல் வேலை பார்க்கும் அதே கலாத்ஸ் நகரக் கப்பல் தளத்தில் முன்பு கிரேன் ஓட்டியவன் யோர்தாகெ. இப்போது கணினி பழுது பார்க்கிறான்.

"என்னடா நோவு இதுக்கு?"

"கீச்சுனு கத்துதாம். சவேத்தா சொல்றா. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஃபேனுக்கு எண்ணெய்கூட விட்டுப் பாத்தேன்."

"எண்ணெயா! இதென்ன கிரேனாடா?" யோர்தாகெ பெட்டியில் காதை வைத்தான். முகம் கோணிப்போயிற்று. "அடப்பாவி, பல்லு கூசுதே! ஒனக்கு நெசமாவே கேக்கலயா?"

"இல்ல."

"மிஷின் ஒன் காதத் தின்னுருச்சு. நான் மேல கண்ணாடிக் கூண்டுல ஒக்காந்திருந்தேன், தப்பிச்சேன்."

துடோரெலுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் சத்தம் நிஜம். அவன் மனைவி சவேத்தா இத்தாலியில், தோரினோவில், நோயாளிக் கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறாள். தினம் பேச ஆரம்பித்ததுமே, "மண்டையக் குடையுதுய்யா, வெக்கிறேன்" என்று துண்டித்துவிடுவாள். பேசப் பிடிக்காமல் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்திருந்தான். கிழவியின் மகன் அவளை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றிப் பேசக்கூட வழியில்லாமல் இருந்தது.

"ஃபேனு இல்ல, பிராசசரு பண்ற வேல," என்றான் யோர்தாகெ. "வேல கொறஞ்சா ஒடனே கண்ணசந்துரும். அடுத்த கணமே முழிச்சுக்கும். இப்படி மாத்தி மாத்தி கரண்டு ஏறி எறங்கறதுல, பக்கத்துல இருக்கற கம்பிச்சுருளு நடுங்கிக் கத்துது. பெரிய வேல குடுத்துப் பாரு, மூச்சு விடாது."

பெட்டியை அணைத்துப் போட்டு, தொடக்கத்தில் வரும் நீலத்திரைக்குள் நுழைந்து, பிராசசரை ஆழ்ந்து தூங்கவிடும் அமைப்பை நிறுத்தினான். மறுபடி காதை வைத்தான்.

"அடங்கிருச்சு. இனி தூங்காது. சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். பரவால்லயா?"

"நான் மட்டும் தூங்குறனா?"

அன்று மாலை அழைத்தான். இணையம் மெதுவென்பதால் முகம் வராது, குரல் மட்டும்தான்.

"ஹலோ? இருக்கியா?" என்றாள் சவேத்தா.

"இருக்கேன்."

"சத்தத்தையே காணோம்?"

"சரி பண்ணியாச்சு."

அவள் கிழவியின் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ வாயத் தொறக்காம ஒக்காந்திருப்ப. அது பாட்டுக்குக் கத்தும். எரிச்சலா இருந்தாலும் அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னாச்சும் தெரியும். இனிமே நீதான்யா பேசணும்" என்றாள்.

துடோரெல் தொண்டையைச் செருமினான்.

"சந்தைக்குச் செவப்புக் கொடமொளகா வந்திருச்சு. சுட்டு, தோலுரிச்சு, சக்குஸ்காத் தொக்கு கிண்ட ஆளில்ல. போன வருசத்து ஜாடியெல்லாம் காலி."

"மொளகா கூப்பிடுதா, நீ கூப்பிடுறியா?"

வாயைத் திறந்தான். திரையில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தான். அவள் பக்கம் கிழவியின் மணி அடித்தது.

"அம்மா கூப்பிடுறாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணும்யா."

தொடர்பு அறுந்தது. பெட்டி அவன் தொடையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அது கத்துகிறதா இல்லையா என்று அவனுக்கு இப்போதும் தெரியாது.

அவள் இத்தாலிக்குக் கிளம்பியது இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம். கப்பல் தளத்தில் சம்பளம் பாதியாகியிருந்த சமயம், பேருந்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "போகட்டுமா, இருக்கட்டுமா?" அவன் அவளுடைய பயணப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். அன்று 'இரு', இன்று 'வா': அந்த ஒரு சொல்லை அவன் அவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை. பாக்கி அதுதான்.